ஹராரேயின் நட்பு பெஞ்ச்: பலகையை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை

மனம் சோர்ந்து வருபவர்களோடு பயிற்சி பெற்ற பாட்டிகள் உட்கார்ந்து பேசும் சேவை, ஜிம்பாப்வேயின் ‘ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்’. அந்தப் பெயரைக் கேட்டதும் மரத்தடி, பலகை, பக்கத்தில் ஒரு பாட்டி என்று ஒரு படம் கண்முன் வரும். அழகான படம்தான். ஆனால் சேவையை ஓட வைப்பவை பதினான்கு கேள்விகள், ஆறு சந்திப்புகள், பாட்டிக்குப் பின்னால் நிற்கும் சுகாதார நிலையம்.

2005இல் அரசு நகரக் குடிசைகளை இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. மறு ஆண்டு, ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளோடு இதைத் தொடங்கினார் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா. முதலில் வைத்த பெயர் ‘மனநல பெஞ்ச்’. அந்தப் பெயருக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று சொல்லி மாற்ற வைத்தவர்கள் பாட்டிகளே.

வருபவரிடம் கேட்கும் அந்தப் பதினான்கு கேள்விகளின் தாளும் அப்படித்தான், ஊர்ப் பேச்சிலிருந்து வந்தது. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்றால் அளவுக்கு மீறி யோசிப்பது. நம் பக்கத்தில் ‘யோசனை ஓடிக்கிட்டே இருக்கு, தூக்கமே வரலை’ என்பார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். சேவையைச் சோதித்த ஆய்வில் ஒன்பதோ அதற்கு மேலோ ‘ஆம்’ சொன்னவர்களைச் சேர்த்தார்கள்.

சந்திப்பில் மூன்று படிகள்: மனதைத் திறப்பது, தூக்கிவிடுவது, உறுதிப்படுத்துவது. வந்தவர் தன் பிரச்சினைகளை எல்லாம் கொட்டுகிறார். பிறகு அவரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். ‘வறுமை’ என்று எடுத்தால் ஆறு சந்திப்பிலும் ஒன்றும் நகராது. ‘வியாழக்கிழமை வீட்டுக்காரரைப் பார்த்து வாடகைக்கு இரண்டு வாரம் தவணை கேட்பது’ என்றால் நகரும். யார், எந்த நாள், பஸ்ஸுக்கு எவ்வளவு என்பதுவரை பேச வேண்டும். இன்னொரு சறுக்கல், அறிவுரை. வயதானவர் வாய் திறந்தால் அறிவுரை வருவது இயல்பு. பயிற்சியில் பாதி, அதை அடக்கக் கற்பதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆறு சந்திப்புக்குப் பிறகு, விரும்பினால், ஏற்கெனவே வந்துபோனவர்களின் குழுவில் சேரலாம்.

பலன் உண்டா? 2016இல் வெளியான ஆய்வில் 24 சுகாதார நிலையங்கள், 573 பேர். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள் பெஞ்சுக்கு வந்தோரில் 13.7 சதவீதம், வழக்கமான கவனிப்பு பெற்றோரில் 49.9. பெரிய வித்தியாசம். இருந்தாலும் கலந்துகொண்டவர்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள். ஆண்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்று இதைக் காட்டி வாதாட முடியாது. சித்தப்பிரமையோடு வந்தவர்களும் ஏற்கெனவே மனநல சிகிச்சையில் இருந்தவர்களும் கர்ப்பிணிகளும் அதில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே பெஞ்சை நெருக்கடி சிகிச்சை என்று அழைப்பது தவறு. நெருக்கடியைக் கண்டுபிடிக்கும் முதல் வாசல் அது. உயிரை விட நினைத்ததுண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ‘ஆம்’ என்றால், அடுத்த வாரம் வா என்று அனுப்பக் கூடாது. மேற்பார்வையாளருக்கும், அங்கிருந்து மருத்துவருக்கும் வழி உடனே திறந்திருக்க வேண்டும்.

மலாவி, சான்சிபார், நியூயார்க் வரை பெஞ்ச் போய்விட்டது. நம் ஊரில் போட நினைப்பவர்கள் முதலில் மேல் மருத்துவமனைக்குப் போகும் பஸ் செலவைப் பட்ஜெட்டில் எழுதட்டும். சிபாண்டாவை இந்த வேலைக்குத் தள்ளியது ஒரு நோயாளியின் தற்கொலை. அவரிடம் வந்து சேர அந்தக் குடும்பத்தின் கையில் இல்லாமல் போனது 15 டாலர் பஸ் கட்டணம்.