பைக் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வளைந்த குழாய்க்கு, அதாவது பெண்ட் பைப்புக்கு, சூடு தடுக்கும் டேப் சுற்ற எது நல்லது: ஃபைபர்கிளாஸா, டைட்டானியமா?

ஃபைபர்கிளாஸ் டேப் விலை குறைவுதான், ஆனால் சுற்றுவதற்கு முன் தண்ணீரில் நன்றாக ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் வளைவில் படியாது, கண்ணுக்கே தெரியாத இழைகள் கையில் ஏறி இரவெல்லாம் அரிக்கும். கையுறை, மாஸ்க் கட்டாயம். எரிமலைப் பாறை இழையில் செய்து டைட்டானியம் என்ற பெயரில் விற்கிறார்களே, அதைக் காய்ந்தபடியே இழுத்துச் சுற்றலாம், அரிப்பும் குறைவு, காசுதான் கூட. எதுவானாலும் ஒரு சுற்றின் மேல் அடுத்தது கால் அங்குலம் ஏறட்டும், முனைகளில் ஸ்டீல் டை (கட்டும் பட்டை) போட்டு இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் புகை வரும், பயப்பட வேண்டாம்.

தினமும் மழையில் ஓட்டுகிறவர்கள் இரண்டையுமே விட்டுவிடுங்கள். ஈரம் உள்ளே தங்கி சாதா இரும்புக் குழாயைத் துரு தின்றுவிடும். ஒரு வருடம் கழித்து நான் பிரித்தபோது செதில் செதிலாக உதிர்ந்தது. ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால், சரி, நான் டைட்டானியமே வாங்குவேன்.