பரிசா, தவணையா, நேரடிப் பணமா: நெல்லைச் சீமைக்கு எது பொருந்தும்?

ஸ்டார்ட்அப்களுக்கு அரசு பணம் தருகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பணம் முதலில் யார் வங்கிக் கணக்கில் விழுகிறது, வேலை நடக்கும் முன்பா, நடந்த பிறகா என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். திட்டத்தின் குணம் தெரிந்துவிடும். புது நிறுவனங்களுக்கு இடமும் வழிகாட்டலும் கொடுத்து வளர்க்கும் இன்குபேட்டருக்கோ, சில மாதப் பயிற்சியில் அவற்றை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டருக்கோ பரிசாகக் கொடுப்பது ஒரு வழி. அவர்களுக்கே தவணை தவணையாகக் கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத நிதி, கொடுப்பது இன்னொரு வழி. நடுவில் யாரும் வேண்டாம், நிறுவனத்துக்கே கொடுத்துவிடலாம் என்பது மூன்றாவது. சென்னையில் இருப்பவர் மூன்றில் எது வந்தாலும் வாங்கிக்கொள்வார், அதற்கான ஆள், அம்பு எல்லாம் அங்கே உண்டு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் பணம் வந்து சேருமா என்பதே இருக்கிறது.

பரிசு வழியை ஒழுங்காக நடத்திக் காட்டியது அமெரிக்காவின் சிறுதொழில் நிர்வாக அமைப்பு. அரசுத் துறைகள் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாம் என்று 2010-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதைக் கையில் எடுத்து 2014-இல் ஆக்சிலரேட்டர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். 800-க்கும் மேல் விண்ணப்பம் வந்தது. 50 அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு 50,000 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 30 லட்சம் ரூபாய், கொடுத்தார்கள். 2015-இல் 80 பேர், 2016-இல் 68 பேர். பரிசுத் தொகை அதே 50,000 டாலர்தான்.

தொகையை விட நிபந்தனை சுவையானது. ஜெயித்தவர் ஓராண்டுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எவ்வளவு முதலீடு திரண்டது, எத்தனை ஸ்டார்ட்அப் புதிதாக வந்தது என்று சொல்ல வேண்டும். பணத்தை எந்தத் தலைப்பில் செலவழித்தாய், மூன்று கொட்டேஷன் எங்கே என்ற விசாரணை பரிசில் கிடையாது. மேனேஜருக்குச் சம்பளம் போடலாம், கரண்ட் பில் கட்டலாம். இன்னொன்று, ஆக்சிலரேட்டர் இல்லாத பகுதிகளில் இருக்கும் இடைவெளியை நிரப்புவதும் நோக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். எல்லாப் பணமும் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கே போய்விடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு நேர் சமமானதைத் தேடினால் தேசிய ஸ்டார்ட்அப் விருதுதான் கிடைக்கும். 2020-இல் வந்த முதல் பதிப்பில் நாட்டுக்கே ஒரு இன்குபேட்டர், ஒரு ஆக்சிலரேட்டர், தலா 15 லட்சம் ரூபாய். சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம். நிதி ஆதாரம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பரிசில் ஒரு கோளாறு உண்டு. இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பரிசு ஜெயித்த மாட்டுக்கு. அந்த மாட்டுக்கு வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் போட்டவன் ஏற்கெனவே வசதி உள்ளவன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்குபேட்டர்தான் காட்ட எண்ணிக்கை வைத்திருக்கும், அதுதான் ஜெயிக்கும். திறந்து இரண்டு வருஷம் ஆன நெல்லை இன்குபேட்டர் கோவையோடு ஒரே கோட்டில் நின்றால் முடிவை யாரும் சொல்லத் தேவையில்லை.

தவணைக் கிராண்டும் யூ.சி. சோலியும்

இந்தியா அதிகம் நம்பியது தவணை வழியைத்தான். மத்திய அரசின் அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் அமையும் அடல் இன்குபேஷன் மையத்துக்கு ஐந்தாண்டில் 10 கோடி ரூபாய் வரை கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர் 10,000 சதுர அடி இடம் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் அவ்வளவு இடம் பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளிடம்தான் இருக்கிறது. அதனால் இன்குபேட்டர் என்றாலே கல்லூரியின் ஒரு மாடி என்று ஆகிப்போனது. இதற்குத் தம்பி மாதிரி அடல் சமுதாயப் புத்தாக்க மையம் என்று ஒன்று உண்டு. அதில் ஐந்தாண்டில் இரண்டரைக் கோடி வரை, நடத்துபவரும் தம் பங்குக்கு ஈடான தொகை போட வேண்டும். சிறு நகரங்களை நினைத்தே செய்தது, அளவும் நமக்குத் தோதானது.

2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. மொத்தம் 945 கோடி ரூபாய். தேர்வாகும் இன்குபேட்டருக்கு 5 கோடி வரை தவணையாக வரும், அதை அவர்கள் ஸ்டார்ட்அப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பொருளின் முன்மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை கிராண்ட். சந்தைக்குப் போக 50 லட்சம் வரை, ஆனால் அது கடனாகவோ பங்காக மாறக்கூடிய கடன்பத்திரமாகவோதான் வரும். இந்த வேலைக்காக இன்குபேட்டருக்குக் கிடைக்கும் நிர்வாகச் செலவு 5 சதவீதம். பணத்தைக் கையாளும் பொறுப்பு முழுதும் தலையில் இருக்க, சொந்தமாகச் செலவழிக்க வாய்ப்பது அவ்வளவுதான்.

மத்திய அரசுக் கிராண்ட் எதுவானாலும் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். எல்லோரும் யூ.சி. என்றுதான் சொல்வார்கள். பொது நிதி விதிகள் 2017-இன் 12-ஏ படிவம். வந்த தொகை, அதற்கு வந்த வட்டி, செலவு, மீதி எல்லாம் எழுதி, நிதிப் பொறுப்பாளர், நிறுவனத் தலைவர் கையெழுத்தோடு போக வேண்டும். அது போய் ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்த தவணை அசையும். தவணை தாமதமானால் மேனேஜர் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் அவர் பெங்களூருக்குப் பஸ் ஏறுவார். அடுத்து வருபவருக்குப் பழைய ஃபைல் புரியவே ஆறு மாதம். ஐடியாவோடு போகும் பையனுக்குக் கிடைக்கும் பதில், "தம்பி, இந்த யூ.சி. சோலி முடியட்டும், அப்புறம் பேசுவோம்."

தவணை முறையைக் குறை சொல்வது எளிது. ஆனால் பொதுப் பணத்துக்கு யாராவது கணக்குக் கேட்கத்தான் வேண்டும், அதில் சண்டை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. த்ரீடி பிரிண்டர், கண்ணாடித் தடுப்பு, சுழலும் நாற்காலி இதற்கெல்லாம் பில் உண்டு, யூ.சி.யில் அழகாக உட்காரும். காயல் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணை மூன்று மணி நேரம் உட்காரவைத்து விலை நிர்ணயம் சொல்லிக்கொடுத்ததற்குப் பில் கிடையாது. பில் போட முடிந்த பக்கமே பணம் சாய்கிறது. பரிசு முறையில் அந்தச் சாய்வு இல்லை என்பதுதான் அதன் பெரிய பலம்.

நேரடியாக வந்தால்

புது நிறுவனங்களுக்குத் தமிழக அரசு தரும் தொடக்க நிதியான டான்சீட் இந்த வகை. அரசின் ஸ்டார்ட்அப் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் நடத்துகிறது, திருநெல்வேலியிலேயே அதற்கு வட்டார மையம் உண்டு. பொதுவாக 10 லட்சம். பெண்கள் நடத்துவது, பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம் சார்ந்தது என்றால் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. பங்கு கேட்கிறார்களே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் நிறுவனத்தை 3 கோடியே 33 லட்சத்துக்கு மதிக்கிறார்கள். வருமானமே தொடங்காத நிலையில் நம் ஊரில் யார் அந்த விலை கொடுப்பார்?

இதைவிடச் சிறியது, தமிழக அரசின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் புது யோசனையைச் செய்து பார்க்கத் தரும் புத்தாக்க வவுச்சர். ஏ வகை 2 லட்சம் வரை, பி வகை 5 லட்சம் வரை. தொகை சின்னதுதான், ஆனால் இந்தச் சீமைக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

பத்தமடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மறுபடி கீற வேண்டும். பட்டுப்பாய்க்கான கோரை நூல் மாதிரி வர வேண்டும், அதெல்லாம் கைக்கத்தி வேலை. இதற்கு ஒரு சிறு இயந்திரம் செய்ய ஒருவர் கிளம்பினால் அவருக்கு முதலில் தேவை 50 லட்சம் இல்லை. ஒரு மோட்டார், நாலைந்து விதமான பிளேடு, லேத் பட்டறைக்காரரின் கூலி, வீணாகப்போகும் கோரைக்கு விலை, நெய்கிற அக்காமாருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உட்காரவைத்துப் பார்க்கும் செலவு. இரண்டு லட்சத்தில் இது தேறுமா, தேறாதா என்று தெரிந்துவிடும். தேறாது என்று இரண்டு லட்சத்தில் தெரிவதும் லாபம்தான்.

மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தை நம்பி விண்வெளி உதிரிபாகம் செய்ய நினைப்பவருக்கு வவுச்சர் காணாது. உலோகம், சோதனை, சான்றிதழ் என்று எல்லாமே காசு. அவர் விதைநிதிப் பக்கம்தான் போக வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழிலைப் பெரிதாக்குபவர் இந்த வரிசைகளில் எதிலும் நிற்க வேண்டியதில்லை. அவருக்கு மத்திய அரசின் நுண் உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், 10 லட்சம் வரை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் புதிதாகப் பெரிய ஷெட், மெஷின் போடுவதென்றால் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம், 75 லட்சம் வரை, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். விதைநிதியை ஷெட் கட்டவோ வசதி உருவாக்கவோ தொடவே கூடாது என்று விதியே இருக்கிறது. ஸ்டார்ட்அப் என்ற பெயருக்கு ஆசைப்பட்டு மானியத்தை விட்டவர்கள் உண்டு. அப்புறம், தென்காசி மத்தளம்பாறையில் 2011 முதல் இருக்கும் சோஹோ வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்த நிறுவனம். அது எல்லோருக்கும் வாய்க்காது.

எதை முதலில் வாங்குவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விதைநிதிக்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆடிட்டர் சொன்னார் என்று கல்லூரி முடித்த கையோடு பதிவு செய்துவிட்டு, ஒரு வருஷம் யோசனையிலேயே கழித்தால் கடிகாரம் பாதி ஓடிவிட்டது. அடுத்து, வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருந்தால் விதைநிதி கிடையாது. டான்சீட்டில் 15 லட்சம் வாங்கினால் அதோடு அந்தக் கதவு மூடும். 10 லட்சமும் ஒரு 2 லட்ச வவுச்சரும் சேர்ந்தாலும் வரம்பு தாண்டிவிடும். ஆனால் போட்டியில் ஜெயித்த பரிசுப் பணமும், நிறுவனருக்கு வரும் மாதப்படியும், சலுகை வாடகை இடமும், ஆய்வகப் பயன்பாடும் இந்தக் கணக்கில் வராது. கல்லூரி ஹேக்கத்தானில் வாங்கிய காசுக்காகப் பயப்படத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: வவுச்சரில் மாதிரி செய்து பாருங்கள். அது ஓடினால் கம்பெனி பதிவு செய்து விதைநிதிக்கு விண்ணப்பியுங்கள், சாளரம் திறந்திருக்கிறதா என்று தளத்தில் பார்த்துவிட்டு. ஒரே நேரத்தில் மூன்று இன்குபேட்டர்களை விருப்ப வரிசையில் கொடுக்கலாம், மூன்றும் உள்ளூராக இருக்க வேண்டியதில்லை. துறை தெரிந்தவரை முதலில் போடுங்கள், பக்கத்தில் இருப்பவரை இரண்டாவதாக. ஆறு மாதத்தில் காசு இல்லாமல் கடையை மூடும் நிலை என்றால் இந்த வரிசையை மறந்துவிட்டு டான்சீட் வாங்குங்கள். நாளைக்கு வரலாம் என்ற 50 லட்சத்தைவிட இன்றைக்கு வரும் 10 லட்சம் பெரிது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு என் பதில் வேறு. 10,000 சதுர அடி இருக்கிறது என்பதற்காக 10 கோடிக்குப் பாயாதீர்கள். முழுநேர மேனேஜர் ஒருவருக்கு மூன்று வருஷச் சம்பளம் சொந்தக் கையிலிருந்து போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இரண்டரைக் கோடி மையமும் வேண்டாம். துறைத் தலைவர் பாடமும் நடத்திக்கொண்டு மாலையில் இதையும் பார்ப்பார் என்ற ஏற்பாடு எங்கேயும் உருப்பட்டு நான் பார்க்கவில்லை.

இனி மாநில அரசு இன்குபேட்டர்களுக்கு ஒரு பரிசு வைப்பதாக இருந்தால், அமெரிக்கப் போட்டியை அப்படியே கொண்டுவந்து இறக்க வேண்டாம். தென்மாவட்டங்களுக்குத் தனிக் கோடு போடுங்கள், சென்னையும் கோவையும் அதில் ஓடக் கூடாது. தொகை 30 லட்சம் அளவில் போதும். பாதியைத் தேர்வானதும் கொடுத்துவிடலாம், தீவனத்துக்கு அதுதான். மீதிப் பாதியை ஓராண்டு கழித்து, உள்ளே இருந்த ஸ்டார்ட்அப்கள் வெளி ஆட்களுக்கு விற்ற தொகையைப் பார்த்துக் கொடுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் அது தெரியும், தனியாக அறிக்கை எழுத வேண்டாம். பயிற்சி வகுப்பு எத்தனை, கலந்துகொண்டோர் எத்தனை என்ற பத்தியை மட்டும் விண்ணப்பத்தில் வைக்கவே வேண்டாம். பேனர் கட்டி, பிரியாணி போட்டு அந்த எண்ணை நிரப்பிவிடுவார்கள்.