ஆரப்பாளையத்தை எப்படிச் சுழற்றுவது?

பஸ் முகப்பில் ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாக இடப்பக்கம் ஓடுமே, அதைப் போல ஒன்றைச் செய்யக் கிளம்பினான் பக்கத்து வீட்டுத் தம்பி. பொறியியல் கடைசி வருடம். முதலில் லேப்டாப்பில் ‘ஆரப்பாளையம்’ என்று கொடுத்து ஓட்டிப் பார்த்தான். மூன்றாவது நகர்வில் கூப்பிட்டான்: “அண்ணே, புள்ளி மட்டும் தனியா முன்னாடி வந்து நிக்குது!”

நம் கண்ணுக்கு அது ஏழு எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் ‘ப்’ என்பது பகரமும் புள்ளியுமாக இரண்டு குறி. பா, ளை, ம் எல்லாம் அப்படித்தான். மொத்தம் 11 குறிகள். அந்தக் குறிகளை நினைவகத்தில் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். அவன் குறி குறியாக நகர்த்தியதால் ‘ப்’ நடுவில் அறுந்துவிட்டது.

சரி, எழுத்து அறுவதைப் பற்றி அப்புறம் பார்ப்போம். முன்னால் இருக்கும் ‘ஆர’வைக் கடைசிக்குக் கொண்டுபோக எது நல்ல வழி?

‘ஆர’ இரண்டு குறி, அதாவது 6 பைட். பைட் பைட்டாக ஆறு முறை தள்ளுவது வேண்டவே வேண்டாம். சரம் (எழுத்துகளின் தொடர்) நீண்டால் வேலை பெருக்கலாக ஏறும். பைத்தான் நிரல்மொழியில் என்றால் இரண்டாக வெட்டி மாற்றி ஒட்டுவது ஒரே வரி. நானும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் அதற்கு இன்னொரு பிரதி வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்குப் பயன்படும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையான அர்டுயினோ ஊனோ ஆர்3-இல் ரேம் (ஓடும்போது பயன்படும் நினைவகம்) மொத்தமே 2 கேபி. வழியிலுள்ள நிறுத்தங்களையெல்லாம் சேர்த்து ஆயிரம் பைட் ஆனால், பிரதிக்கே பாதி போய்விடும்.

இடத்திலேயே மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆறு ஆறாகத் தாவி வட்டமாக நகர்த்துவது. 33-க்கும் 6-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 3. ஆக மூன்று வட்டம், வட்டத்துக்கு 11 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரே முறை நகரும். தாளில் இதுதான் ஜெயிக்கும். ஆனால் எழுதும்போது பிள்ளைகள் ஒரு வட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள், மீதி 22 பைட் அப்படியே கிடக்கும். பெரிய சரத்தில் தாவித் தாவிப் படிப்பது கேஷுக்கும் (கணினியின் வேகமான இடைநினைவகம்) ஒத்துவராது.

இன்னொன்று, மூன்று முறை திருப்பிப் போடுவது. ‘ஆர’வைத் திருப்பினால் ‘ரஆ’. மிச்சத்தைத் திருப்பினால் ம், ய, ளை, பா, ப். இப்போது மொத்தத்தையும் திருப்புங்கள்: ‘ப்பாளையம்ஆர’. பைட்டுக்கு இரண்டு நகர்வு ஆகிறது, ஆகட்டும். நினைவகத்தை வரிசையாகப் படிக்கிறது, பிழை வர இடம் குறைவு. என் ஓட்டு இதற்குத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பைட் பைட்டாகத் திருப்பினாலும் இது சரியாக வரும். நடுவில் எழுத்துகள் சிதையும், கடைசித் திருப்பலில் தானாகக் கூடிவிடும். வெட்டும் இடம் மட்டும் எழுத்தின் தொடக்கமாக இருக்க வேண்டும். வெறுமனே ஒரு முறை திருப்புவதற்கு இந்த யோகம் கிடையாது: ‘மதுரை’யைக் குறி குறியாகத் திருப்பினால் ஐகாரக் குறி அநாதையாக முன்னே நிற்கும், ‘து’வின் உகரம் ரகரத்தில் ஒட்டி ‘ரு’ ஆகிவிடும்.

பலகையில் ஓட மட்டும் என்றால் எதையும் நகர்த்தவே வேண்டாம், தொடக்க இடத்தை மாற்றி மாற்றிப் படித்தால் போதும். அதற்கும் வெட்டுமிடம் தெரிய வேண்டும். புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத குறிதான் எழுத்தின் தொடக்கம் என்று வைத்துத் தம்பி கணக்கெடுத்தான் (‘க்ஷ’, ‘ஸ்ரீ’ வந்தால் தனியே கவனிக்க வேண்டும்). ஒவ்வோர் எழுத்தும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று, பூஜ்யத்திலிருந்து எண்ணி, தாளில் வரிசையாக எழுதினான்: 0, 3, 6, 12, 18, 24, 27.