ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: முற்றமும் கிடங்கும்

அனுமதி இலவசம். வழக்கமாகத் தினமும் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். அவசரமாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் போதும். தூண்களையும் பேழைகளையும் படித்துப் பார்ப்பவருக்கு மூன்று மணி நேரமும் போதாது. ஆனால் இதை வெறும் காட்சிக்கூடமாக எடைபோடுவது தவறு. இங்குள்ள மாதிரிகள் 70 லட்சத்துக்கும் மேல். முற்றத்தில் நிற்பவை அதில் ஒரு துளி. மற்றவை ஆராய்ச்சிக்கும் பாடம் நடத்தவும் கிடங்குகளில் இருக்கின்றன. பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் தரம் அந்தக் கிடங்கு எப்படி நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கட்டடம் 1860-இல் திறக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ஹென்றி ஆக்லண்ட் போன்றவர்கள் இதற்காகப் போராடியபோது, தனித்தனியே சிதறிக் கிடந்த அறிவியல் துறைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான் நோக்கம். நடுவே கண்ணாடிக் கூரையிட்ட முற்றம், அதைச் சுற்றி புவியியல், வேதியியல், உடற்கூறியல் என்று துறைகள். விரிவுரை முடிந்து வெளியே வரும் மாணவருக்கு மாதிரி கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிறகு துறைகள் பெருத்து ஒவ்வொன்றாகத் தனிக் கட்டடம் தேடிப் போய்விட்டன; சேகரிப்புகளும் காட்சியும் இங்கேயே தங்கிவிட்டன. இன்றைக்கு இது எந்தத் துறைக்கும் வால் அல்ல, எல்லாத் துறைக்கும் பொது. நல்ல ஏற்பாடு. ஒரு துறையின் பிடியில் இருக்கும் சேகரிப்பு, பேராசிரியரின் ஆர்வம் மாறும்போது கேட்பாரற்றுப் போகும்.

முற்றத்தைச் சுற்றிய நடைகளில் உள்ள தூண்களை யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம். ஒவ்வொன்றும் பிரிட்டனின் வெவ்வேறு கல். கல்லின் பெயர் தூணிலேயே பொறித்திருக்கும். தூண்களின் தலைப்பகுதியில் செடிகொடிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டடமே புவியியல், தாவரவியல் பாடப்புத்தகம். பணம் தீர்ந்துபோனதால் சில கற்கள் இன்னும் செதுக்கப்படாமல் நிற்கின்றன. அதையும் தேடிப் பாருங்கள்.

கூரைதான் சிக்கல். முதலில் போட்ட இரும்புச் சட்டம் பாரம் தாங்காததால் பிரித்துவிட்டு, வார்ப்பிரும்புத் தூண்களோடு மறுபடி கட்டினார்கள். நின்ற பிறகும் தொல்லை விடவில்லை. மயிர், இறகு, பூச்சி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே பரிந்துரை. கண்ணாடிக் கூரையின் கீழ் பகல் வெளிச்சம் அதைப் பல மடங்கு தாண்டும். புற ஊதாக்கதிர் நிறத்தை வெளிறவைக்கும், ஒருமுறை வெளிறியது திரும்ப வராது. வெப்பமும் ஈரப்பதமும் வெளிவானிலையோடு ஏறி இறங்குவதால் எலும்பு வெடிக்கும். பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கலந்த புதைபடிவம் ஈரத்தில் சிதைந்து, கந்தக அமிலத்தை உண்டாக்கி, பெட்டியையும் லேபிளையும் சேர்த்து அரிக்கும். மேலே தொங்கும் திமிங்கில எலும்புக்கூடுகளுக்கு வேறு பிரச்சினை: எலும்புக்குள்ளிருந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்து, தூசியோடு சேர்ந்து அமிலப் பிசுக்காகிவிடும். 2013-இல் கூரையைச் செப்பனிட மூடியபோதுதான் அவற்றை அம்மோனியாக் கரைசலால் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். எலும்பு, கல், வார்ப்பு (அச்சில் வார்த்த நகல்) ஆகியவற்றை முற்றத்தில் வைக்கலாம். பாடம் செய்த விலங்குகளையும் பூச்சிகளையும் அதே வெளிச்சத்தில் வெகுகாலம் விடுவதை ஏற்க முடியாது. சுழற்சி முறையில் மாற்றியாக வேண்டும்.

கூட்டம் நேராக டைரனோசார் எலும்புக்கூட்டுக்குப் போகிறது. அது வார்ப்பு. உண்மையான பொக்கிஷம் மெகலோசாரஸின் கீழ்த்தாடை. 1824-இல் புவியியலாளர் வில்லியம் பக்லண்ட் பெயரிட்ட அந்த விலங்குதான் அறிவியல் முறையில் பெயர் பெற்ற முதல் டைனோசார். வார்ப்பா, அசலா என்று லேபிளில் பார்த்துவிட்டு நின்றால் நேரம் மிச்சம்.

அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவுக்கும் இது பொருந்தும். காட்சியில் இருப்பது உருவமும் எலும்புக்கூடும். உலகில் மென்திசுவோடு எஞ்சிய ஒரே டோடோவின் தலையும் காலும் கிடங்கில் பத்திரமாக இருக்கின்றன. ஏமாந்ததாக நினைக்க வேண்டாம், இதுவே சரியான முடிவு. அந்த மாதிரியிலிருந்துதான் டிஎன்ஏ எடுத்து, டோடோ புறா இனத்தைச் சேர்ந்தது என்று உறுதிசெய்தார்கள். 2018-இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு, மண்டையோட்டில் ஈயச் சிதறல்கள் இருப்பதைக் காட்டியது. லண்டனில் உயிரோடு காட்டப்பட்ட பறவை என்று நம்பியிருந்தவர்களுக்கு, அது சுடப்பட்டதென்ற செய்தி புதிது. சேகரித்தவர்கள் கனவிலும் நினைக்காத கேள்விக்கு மாதிரி விடை சொல்கிறது. பழையதை ஏன் இத்தனை செலவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் நிதிக் குழுக்களுக்கு இந்த ஒன்றே போதும்.

பூச்சிச் சேகரிப்பு 1849-இல் ஃபிரெடெரிக் வில்லியம் ஹோப் கொடுத்ததிலிருந்து தொடங்கி, இப்போது 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பெரிய சேகரிப்பின் முதல் எதிரி, உலர்ந்த மாதிரிகளைத் தின்னும் அருங்காட்சியக வண்டின் புழு. பூச்சியைக் குத்தி வைத்த ஊசிக்குக் கீழே மெல்லிய பொடி உதிர்ந்திருந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். புதிதாக வரும் பெட்டியைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள், அல்லது மைனஸ் 20-இல் இரண்டு வாரம் உறைய வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விட வேண்டும், இல்லையேல் நீர்த்துளி மாதிரியிலேயே படியும். இன்னொரு பெரிய இழப்பு லேபிள். இடம், தேதி, சேகரித்தவர் பெயர் உள்ள துண்டுச்சீட்டு ஊசியிலிருந்து கழன்றுவிட்டால், வண்ணத்துப்பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது.

கோபுரத்தில் கூடுகட்டும் உழவாரன் குருவிகளை 1948-இலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மே முதல் ஜூலை வரை போனால் தலை நிமிர்ந்து பார்க்கலாம். பின்வாசல் வழியே போகும் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் இலவசம். திங்கட்கிழமை மட்டும் அது மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும்.

ஆய்வாளராகப் போகிறவர்கள் வாசலில் வந்து கேட்டுப் பயனில்லை. அந்தந்தப் பிரிவின் காப்பாட்சியருக்குச் சில வாரங்கள் முன்பே எழுத வேண்டும். எந்த இனம், எத்தனை மாதிரி, அளவெடுக்கவா, படமெடுக்கவா, துளி வெட்டி எடுக்கவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெட்டி எடுக்கும் கோரிக்கை என்றால் எவ்வளவு மில்லிகிராம், எந்தப் பகுதியிலிருந்து, எந்த முறையில், மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘கொஞ்சம் திசு வேண்டும்’ என்ற கடிதம் எந்தச் சேகரிப்பிலும் நகராது.