இன்சுலின் குப்பிக்கான சிலிக்கோன் உறை: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

சென்ற வாரம் என் தோழியின் அப்பா கையிலிருந்த இன்சுலின் குப்பி நழுவி, டைல்ஸ் தரையில் விழுந்து உடைந்துவிட்டது. "உங்க அம்மாவுக்கு ஒரு உறை வாங்கினியே, அது எப்படி இருக்கு? இப்போ பாதி விலைக்குப் போட்டிருக்காங்க, வாங்கலாமா?" என்று அவள் கேட்டிருந்தாள். ஒரே வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்த உறை எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. அதன்மேல் எனக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு. கேள்விக்குரிய பதில் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு வகை இன்சுலின்: விரைவாக வேலை செய்யும் ரெகுலர், மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் என்.பி.எச். காலையில் ரெகுலர் 8 யூனிட்டும் என்.பி.எச். 16 யூனிட்டும், இரவில் 6-ம் 10-ம் ஒரே சிரிஞ்சில் கலந்து போட வேண்டும். இரண்டும் நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும், மில்லிக்கு 40 யூனிட் உள்ள வகை. 10 மில்லிக் குப்பியில் 400 யூனிட் இருக்கும். கணக்குப் போட்டால் என்.பி.எச். குப்பி பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். ரெகுலர் குப்பியோ நான்கு வாரம் வரும். திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், எங்கள் வீட்டில் ரெகுலர் குப்பியின் ஆயுளும் மருந்தின் ஆயுளும் ஏறக்குறைய ஒரே நாளில் முடிகின்றன. அந்த 28 நாளில் அதன் ரப்பர் மூடி 56 முறை ஊசியால் குத்துப்படுகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; என் குறை முழுவதும் அந்த ரப்பர் மூடியைச் சுற்றியே வருகிறது.

உறை வாங்குவதற்கு முந்தைய ஓராண்டில் இரண்டு குப்பிகளை உடைத்தோம். இரண்டுமே குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டிலிருந்து விழுந்தவை. திருநெல்வேலி வெயிலில் திறந்த குப்பியை வெளியே வைக்கத் துணிவில்லாமல் நாங்கள் அதை உள்ளேதான் வைக்கிறோம். கதவை வேகமாகத் திறந்தால் தட்டில் நிற்கும் குப்பி உருண்டு மொசைக் தரையில் விழும். சிதறிய கண்ணாடியைப் பொறுக்கிவிடலாம். அந்த மருந்தில் சேர்க்கப்பட்டிருக்கும் கிருமித் தடுப்புப் பொருளின் ஆஸ்பத்திரி வாசனை மட்டும் சமையலறையை விட்டுப் போக நாள் பிடிக்கும். குப்பியின் விலை இருநூறு ரூபாய்க்குள்தானே, இதற்கு எதற்கு அதைவிட விலை கூடிய உறை என்று சிலர் கேட்டார்கள். அமெரிக்காவில் சில வகை இன்சுலின் ஒரு குப்பி 200 டாலருக்கும் மேல் விற்ற காலம் உண்டு. அங்கே உறை வாங்குகிறவர் பணத்தைக் காப்பாற்றுகிறார். இங்கே நாங்கள் காப்பாற்ற நினைத்தது மறுநாள் காலை ஊசியை. இரவு பத்து மணிக்குக் குப்பி உடைந்தால், விடியும்போது திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடி அப்பா சைக்கிளில் சுற்ற வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனையில் மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கி வருகிறவர்களுக்கு இந்த அலைச்சல் இன்னும் கூடுதல்.

உறையைப் பற்றிய நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையாகவே நல்லது. மூன்று ஆண்டுகளில் உறையோடு குப்பி ஐந்து முறை விழுந்திருக்கிறது. நான்கு முறை ஒன்றுமே ஆகவில்லை; அந்த நான்கில் ஒருமுறை கதவுத் தட்டின் உயரத்திலிருந்து விழுந்து, பந்துபோல எழும்பி, அடுப்பு மேடைக்குக் கீழே போய் நின்றது. ஈரக் கையிலும் வழுக்குவதில்லை. விரல் மூட்டுகள் வலுவிழந்த அம்மாவுக்கு வழுவழுப்பான கண்ணாடியைவிட அந்தச் சொரசொரப்பான பிடி எவ்வளவு தைரியம் தந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். என்.பி.எச். பால்போல வெண்மையாக இருக்கும். வைத்திருந்தால் அடியில் படிந்துவிடும். குலுக்கினால் நுரைத்து அளவு தப்பும் என்பதால் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். அந்த உருட்டலும் உறையோடு சுலபமாகவே இருந்தது.

இனிக் குறை. உறையின் மேல் விளிம்பு குப்பியின் மூடியைவிட ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் உயரமாக எழும்பி நிற்கிறது. அப்படி அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது: குப்பி தலைகீழாக விழுந்தால் அடியை அலுமினிய வளையமும் கழுத்தும் வாங்காமல் அந்த விளிம்பு வாங்கிக்கொள்ளும். ஆனால் நிமிர்த்தி வைத்திருக்கும்போது அதே விளிம்பு ரப்பர் மூடிக்குச் சுற்றுச்சுவராகிவிடுகிறது. மூடி ஒரு சின்னக் குழிக்குள் போய்விடுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் குழியின் நடுப்பகுதி துடைபடும். ஓரத்தில் ஸ்பிரிட் தேங்கும். பஞ்சின் இழைகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குளிர்ச்சியான குப்பியை வெளியே எடுத்து வைத்தால் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படிந்து அதே குழியில் இறங்கும்.

இது எங்களுக்குப் புரிய ஏழு மாதம் ஆனது. "ஏட்டி, இன்னைக்கும் எரியுது" என்று அம்மா ஊசி போட்டதும் சொல்லத் தொடங்கியபோது நாங்கள் முதலில் சந்தேகப்பட்டது ஊசியை. வேறு சிரிஞ்சு வாங்கினோம். பிறகு, குளிர்ந்த மருந்து எரிச்சல் தரும் என்று கேள்விப்பட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே குப்பியை வெளியே எடுத்து வைத்தோம். எரிச்சல் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. குழியில் தண்ணீர் சேர்வதுதான் அதிகமானது. ஒருநாள் விடுமுறையில் வந்திருந்த நான், ஜன்னல் வெளிச்சத்தில் அப்பா மருந்து எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். துடைத்துவிட்டு அவர் நன்றாகக் காத்திருந்தார். ஆனால் ரப்பரின் நடுவே உலர்ந்திருந்தாலும் ஓரத்தில் ஸ்பிரிட் நின்றது. கவிழ்த்துப் பிடித்தபோது அது ஊசியின்மேல் வழிந்தது. அந்த ஈரத்தோடுதான் ஊசி இத்தனை நாளும் அம்மாவின் வயிற்றுத் தோலுக்குள் போயிருக்கிறது. துடைத்த ஸ்பிரிட் முழுதாக உலர்ந்த பிறகே குத்த வேண்டும் என்று எல்லா நர்ஸ்களும் சொல்வார்கள். உலர விடாத ஒரு சுவரைக் கட்டிவிட்டு, மருந்தைப் பாதுகாக்கிறது என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தார்கள்.

அதைவிட மோசமானது பின்னால் நடந்தது. ஒரு ஐப்பசி மழை நாளில், ரெகுலர் குப்பியின் குழியில் தேங்கிய துளி நீரில் ஒரு சிற்றெறும்பு செத்துக் கிடந்தது. அது எத்தனை நேரமாகக் கிடந்தது, அதற்கு முன் ஊசி போனதா, பின் போனதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்சுலினில் உள்ள மெட்டாகிரீசால், பீனால் போன்றவை உள்ளே தப்பிப் புகும் கிருமிகளைப் பெருக விடாமல் தடுக்கும். அதற்காக அழுக்கைக் கரைத்துக் கொடுத்தால் பொறுத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. குப்பியில் இன்னும் பத்து நாளுக்கு மருந்து இருந்தது. "காசு கொடுத்து வாங்குனத இப்படிக் கொட்டணுமா" என்று அம்மா வருந்தியதையும் மீறி அதைக் கழித்துவிட்டோம். உடையாமல் காத்துக் கொடுத்த அதே உறைதான் அந்தக் குப்பியைக் கெடுத்தது என்ற ஆத்திரம் எனக்கு இன்றுவரை தணியவில்லை.

மறுநாள் புதிய பிளேடால் விளிம்பை மூடியின் மட்டத்துக்குச் சீவினேன். ஸ்பிரிட் தேங்குவது நின்றது, எரிச்சலும் நின்றது. நான்கு மாதம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்த ஐந்தாவது வீழ்ச்சி: என்.பி.எச். குப்பி தலைகீழாக விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மேலே எந்தச் சேதமும் தெரியவில்லை. அப்பா பழையபடி உள்ளே வைத்துவிட்டார். இரவில் எடுத்தபோது உறையின் உட்பக்கம் பிசுபிசுத்து, அந்த ஆஸ்பத்திரி வாசனை வந்தது. கழற்றிப் பார்த்தபோது கழுத்தருகே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். நான் வெட்டி எறிந்த விளிம்பு இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது. ஆனால், உறை மறைக்காமல் இருந்திருந்தால் அந்த விரிசல் விழுந்த நொடியிலேயே கண்ணில் பட்டிருக்கும் என்பதும் அவ்வளவே உண்மை. விரிசல் விட்ட குப்பி உடைந்த குப்பியைவிட ஆபத்தானது. உடைந்ததை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. அன்று முதல், உறையோடு விழுந்தாலும் கழற்றி வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்காமல் அந்தக் குப்பியிலிருந்து மருந்து எடுப்பதில்லை.

லேபிளை மறைப்பதும் சின்ன விஷயமல்ல, என்றாலும் அதற்கு எளிதில் வழி கண்டுவிட்டோம். உறைகள் இரண்டும் ஒரே நிறம். பக்கவாட்டில் ஒரு விரல்நுனி அகலத்துக்கு மட்டும் சன்னல். அதன் வழியே மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க முடியாது. ரெகுலர் எப்போதும் தண்ணீர்போலத் தெளிந்திருக்க வேண்டும். கலக்கும்போது அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகே என்.பி.எச். எடுக்க வேண்டும். வரிசை மாறி என்.பி.எச். ஒரு துளி ரெகுலர் குப்பிக்குள் போய்விட்டால், விரைவாக வேலை செய்ய வேண்டிய மருந்தின் குணமே மாறத் தொடங்கும். லேசான கலங்கலை அந்தச் சன்னல் காட்டாது. ஆகவே ரெகுலர் உறையில் அகலமான பிளாஸ்திரி ஒட்டி, பெயரையும் திறந்த தேதியையும் எழுதுகிறோம். வாரம் ஒருமுறை குப்பியை வெளியே எடுத்துப் பார்க்கிறோம். உறைகளைச் சோப்பு நீரில் கழுவி, முழுதாக உலர்த்திய பிறகே மறுபடி போடுகிறோம். ஈரமாகப் போட்ட ஒருமுறை லேபிள் ஊறி, காலாவதித் தேதி உரிந்துவந்துவிட்டது.

இப்போது வைத்திருப்பது மூன்றாவது இணை, விளிம்பு வெட்டாதது. அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அப்பா கட்டைவிரலால் அதன் வழியே குப்பியை மேலே தள்ளி, மூடி விளிம்புக்கு மேலே வந்த பிறகு துடைத்து, உலரும்வரை அப்படியே பிடித்திருந்து மருந்து எடுக்கிறார். எடுக்கும் யூனிட் அளவுக்குக் காற்றை முன்கூட்டியே உள்ளே செலுத்துவதையும் விடுவதில்லை. உள்ளே வெற்றிடம் உண்டானால் அது அடுத்த குத்தலில் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கப் பார்க்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஓய்வுபெற்ற ஒரு கம்பவுண்டர். தள்ளுவதற்கு நல்ல விரல் பலம் வேண்டும். அம்மாவால் அது முடியாது.

என் தோழியின் அப்பா தனியாக இருக்கிறார். ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார். கை நடுக்கம் உண்டு. கீழே போடக்கூடியவர் என்பதால் உறை அவருக்குத்தான் அதிகம் தேவை என்று தோன்றும். நானோ வாங்க வேண்டாம் என்றே அவளுக்கு எழுதினேன். குப்பியை மேலே தள்ள அவருக்கு விரல் பலம் இருக்காது. தள்ளாவிட்டால் குழிக்குள் துடைப்பார். எரிந்தால் யாரிடமும் சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாக, கட்டிலில் உட்கார்ந்து, மடித்த தடிமனான துண்டு ஒன்றை மடிமேல் விரித்து அதன்மேல் மருந்தை எடுக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியில் குப்பியைக் கதவுத் தட்டில் வைக்காமல், துணி விரித்த அகலமான எவர்சில்வர் டப்பாவில் நடுத்தட்டில், உறைபனிப் பகுதியை ஒட்டாமல் வைக்கட்டும் என்றேன். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது என்பதையும் சேர்த்து எழுதினேன்.

அம்மாவின் இரண்டு குப்பிகளும் இன்றும் அந்த உறைக்குள்தான் இருக்கின்றன. அப்பாவின் கட்டைவிரல் ஒத்துழைக்கும்வரை அங்கேயே இருக்கும். விளிம்பைத் தாழ்த்தி, நீர் வடிய இரண்டு பக்கமும் சிறு வெட்டு வைத்து, முழுக்கவும் கண்ணாடிபோலத் தெரியும் பொருளில் யாராவது ஒன்றைச் செய்தால் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவேன். வருகிற வியாழக்கிழமை ரெகுலர் குப்பிக்கு 28-ஆவது நாள். புதிய குப்பிக்காகக் கழுவிய உறை கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.