பழைய கயிற்றுப் பொம்மை: தொங்கவிடுவதா, தாங்கியில் நிறுத்துவதா?

பந்து வீசிப் பிடிக்கும் வித்தைக்காரப் பொம்மை ஒன்று என் கைக்கு வந்தபோது, அதன் நூலெல்லாம் சிக்குப் பிடித்துத் தோளில் கிடந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், பாட்டும் வித்தையும் கலந்து காட்டும் வெரைட்டி மேடைகளில் ஆடிய வகை. கதை நடிக்கிற பொம்மை இல்லை, ஒரே ஒரு வித்தைக்காகச் செதுக்கப்பட்டது. பொய்க்காலில் நடப்பவன், கை கால் தலை எல்லாம் தனித்தனியாகக் கழன்று ஆடிவிட்டு மறுபடி ஒன்றுசேரும் எலும்புக்கூடு இவையெல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஆங்கிலேயப் பொம்மலாட்டக்காரர் தாமஸ் ஹோல்டன் 1870-களில் இப்படிப்பட்ட பொம்மைகளோடுதான் ஐரோப்பாவைக் கலக்கினார்.

பழைய நூலை எடுத்துவிட்டுப் புது நூல் கட்டிக் கொக்கியில் தொங்கவிடலாம். இல்லை, நூலைத் தொடாமல், உடல் எடையைத் தாங்கியில் ஏற்றி நிறுத்தலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தேதான் இருக்கும்.

தொங்கும் பொம்மைக்குத் தனி அழகு உண்டு, மறுக்கவில்லை. கதவு திறந்தால் லேசாகத் திரும்பும். எடுத்து ஆட்டியும் பார்க்கலாம். தாங்கியில் நிற்பது ஜவுளிக்கடை பொம்மை மாதிரி கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரியும். செலவும் தாங்கிக்குத்தான் கூடுதல்.

ஆனால் நூல் விஷயம் இருக்கிறதே, அங்கேதான் எனக்கு முடிவு மாறியது.

ஒரு சாயந்திரம் முழுக்க லென்ஸும் கையுமாக உட்கார்ந்தேன். பொம்மையின் வலது உள்ளங்கையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பந்திலிருந்து கிளம்பும் நூல் அந்தத் துளைக்குள் இறங்கி, கையின் பின்பக்கமாக வெளியே வந்து, மேலே கைப்பிடிக் கட்டைக்கு ஏறுகிறது. அதை இழுத்தால் பந்து கைக்கு வரும். பந்தைத் தூக்க வேறொரு நூல். நெற்றியிலும் இதேபோல ஒரு துளை, அதற்கும் ஒரு நூல். எது எவ்வளவு நீளம், கட்டையில் எங்கே முடிச்சு, எந்த இடம் உராய்ந்து பஞ்சாகியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் வித்தை. மரமும் சாயமும் அதைச் செய்துகாட்டும் உடம்பு, அவ்வளவுதான்.

அந்த நூல் லினன். இழுத்தால் இற்றுப்போகிறது. பொம்மையின் பாதத்திலோ ஈயம் வைத்திருக்கிறார்கள், கால் தரையில் பதிந்து நடக்க வேண்டுமே. இந்த எடையைப் பழைய நூல் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆக, தொங்கவிடுகிறேன் என்று முடிவெடுத்த நிமிஷமே கத்தரிக்கோலை எடுத்தாயிற்று. வரைந்து, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வெட்டலாமே என்றால், நீளமும் முடிச்சும் பதிவாகும். துளைக்குள்ளே நூல் தேய்ந்திருக்கும் விதம் எந்தப் படத்திலும் வராது.

நான் செய்தது இவ்வளவுதான்: பின்னாலிருந்து ஒரு பித்தளைக் கம்பி, இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்த சிறு இருக்கை. உடை அதை மறைத்துவிடுகிறது. கட்டை மேலே தனிக் கொக்கியில். நூல் தளர்வாகத் தொங்குகிறது, அதன்மேல் பாரம் இல்லை. முழங்காலின் தோல் மூட்டுகளும் இழுபடுவதில்லை.

பூச்சி, வெளிச்சம், தூசி இவை இரண்டு வழிக்கும் பொது. துணி இருப்பதால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். சாயம் உரிந்தால் மேலே புதுச் சாயம் பூசாதீர்கள். உரிந்ததை ஒட்ட, பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் போதும். என் பொம்மைக்கு மரத்தலை. காகிதக்கூழில் செய்த தலையை நான் கையாண்டதில்லை, அதற்கு இதையெல்லாம் அப்படியே பின்பற்ற வேண்டாம்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஓக் மரப் பெட்டியில் வைத்தேன். சில மாதத்தில் பாதத்து ஈயத்தின்மேல் வெள்ளையாகப் பொடி பூத்தது. ஓக் மரம் விடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் ஈயத்தை அரிக்கும். அந்தப் பொடி விஷம், வெறுங்கையால் தொடக்கூடாது. இப்போது உலோகச் சட்டமும் கண்ணாடியும்தான்.

தொங்கவிடுவது சரி என்று நான் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. உங்கள் பொம்மையில் ஏற்கெனவே நைலான் நூல் இருந்தால், வெட்டுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. நைலான் சந்தைக்கு வந்ததே 1930-களின் கடைசியில், ஆகவே விக்டோரியா காலத்து நூலை யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். அப்போதும் வருடக்கணக்கில் தொங்க விடாமல், ஆட்டி முடித்ததும் இறக்கி வைப்பேன். விற்கும்போது எது அதிக விலை பெறும் என்று கேட்காதீர்கள், நான் இதுவரை ஒன்றையும் விற்றதில்லை.

ஆட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் விடவில்லை. அப்புறம் ஒரு மரத்துண்டில் கை மாதிரி ஒன்றைச் செதுக்கி, துளை போட்டு, பழைய நூலின் நீளத்தைப் பார்த்துப் பார்த்துப் புது நூல் கோத்தேன். முதல் இரண்டு தடவை பந்து பாதி வழியில் நின்றது. நூலை ஒரு விரற்கடை குறைத்ததும் நேராக உள்ளங்கைக்கு வந்து உட்கார்ந்தது.