வீட்டுக்குள் ஏர் பிஸ்டல் பயிற்சி: ஈய பெல்லட்டா, வெள்ளீய பெல்லட்டா?

மகள் 10 மீட்டர் தூரத்து டார்கெட்டைச் சுடும் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத் துப்பாக்கி) போட்டிக்குப் பழகுகிறாள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நீளத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் கட்டுப் பத்தியிலேயே, அதாவது உள்முற்றத்தை ஒட்டிய நீளமான தாழ்வாரத்திலேயே, இடம் கிடைத்துவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், இரு பக்கக் கதவையும் தாழிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுடுவாள். எந்த பெல்லட் (அதில் போடும் சிறு உலோகக் குண்டு) வாங்குவது என்பதில்தான் யோசனை ஓடியது.

வடிவத்தில் குழப்பமே வேண்டாம், தட்டைத் தலைதான். பேப்பரில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை விழும். 10 புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான், கோட்டைத் தொட்டதா இல்லையா என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். கூர்முனை பேப்பரைக் கிழித்துவிடும்.

உலோகம்தான் நிஜமான கேள்வி. குறி என்று பார்த்தால் ஈயம் ஒரு படி மேல். மென்மையானது, குழலின் உட்புறச் சுருள் வரிகளை நன்றாகப் பற்றிக்கொள்ளும், விலையும் குறைவு. அப்படியிருந்தும் நாங்கள் வீட்டுக்கு வெள்ளீயத்தையே எடுத்தோம். காரணம் தூசி.

ஈய பெல்லட் இரும்புத் தகட்டில் மோதி நசுங்கும்போது பொடி உதிர்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் குழலில் வைக்கும்போதே விரல் நுனி கறுத்துவிடும். தனியாக ஒரு ரேஞ்ச் (சுடும் பயிற்சிக்கூடம்) என்றால் சமாளிக்கலாம். எங்கள் இரண்டாம் கட்டிலோ விசேஷம் வந்தால் பந்தி நடக்கும். பங்காளிகள் எல்லாம் கூடி, ஆத்தங்குடிக் கல் தரையில் இலை போட்டுச் சாப்பிடுவோம். ஆயா (பாட்டி) இன்றைக்கும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். குழந்தைகள் அதே தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும். ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும், பெருக்கினால் பொடி பறக்கும். சரி, சொல்லி வைக்கலாம். ஆனால் காலையில் விளக்குமாற்றோடு வருகிறவர் தினமும் அதை நினைவில் வைத்துக்கொள்வார் என்று நம்பி ஒரு குழந்தையைத் தரையில் விட எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளீயத்துக்கும் குறை உண்டு. ஈயத்தைவிடக் கடினம் என்பதால் துள்ளித் திரும்பும். வெறும் இரும்புத் தகடு போதாது. பழைய துணியை இறுக்கி அடைத்த கனமான மரப்பெட்டி வைத்து, அதன் பின்னால் தகட்டைச் சாய்வாக நிறுத்தியிருக்கிறோம். கல் தூண் பக்கம் டார்கெட்டை வைக்கவே கூடாது. வெள்ளீய பெல்லட்டுக்கு எடை குறைவு, வேகம் கூடுதல். அதனால் குண்டு படும் இடம் மாறும், பார்வைக் குறியைத் திருத்த வேண்டும். விலையும் கூட.

நாங்கள் பார்த்தது ஒரே ஒரு பிஸ்டலில்தான். குழலுக்குக் குழல் பிடிக்கும் பெல்லட் மாறும் என்பதால், மொத்தமாக வாங்குமுன் ஒரு டப்பா வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

போட்டி நெருங்கும்போது மகள் ஈயத்துக்கு மாறிக்கொள்வாள், அதுவும் ரேஞ்சில் மட்டும். அங்கேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிய பிறகுதான் தம்பியைத் தூக்குவாள்.